விரலை வைத்தால் ஏறும் சுருதி

மூன்று கால்களில் நின்றுகொண்டிருந்த அந்தச் சின்ன டிரான்சிஸ்டரின் தலையில் சுட்டுவிரலை வைத்தேன். ஸ்பீக்கரில் சட்ஜமாக ஒலித்துக்கொண்டிருந்த சுரம் நகர ஆரம்பித்தது. ரிஷபத்தைத் தாண்டி, காந்தாரத்தைத் தாண்டி, எங்கும் கால் ஊன்றாமல் வழுக்கிக்கொண்டே மேலேறி, பஞ்சமத்தை எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. விரலை எடுத்தேன். சற்று நேரம் அங்கேயே தயங்கிவிட்டு மெல்ல இறங்கிவந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி ஏறியது. குனிந்து அதன்மேல் மூச்சு விட்டுப் பார்த்தேன். அதற்கும் ஏறியது.

நான் கட்ட நினைத்தது, கொடுத்த மின்னழுத்தத்துக்குக் கட்டுப்பட்டுச் சுரம் எழுப்பும் ஓர் ஆசிலேட்டர். கட்டி முடித்தபோது மேஜைமேல் இருந்தது பாடத் தெரிந்த ஒரு வெப்பமானி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஆனால் அந்தக் குரங்கை விட்டு அன்றிரவு என்னால் எழுந்து போக முடியவில்லை. மாடுலர் சிந்தசைசரைச் சொந்தமாகக் கட்டும் கிறுக்கு எனக்கு முற்றியது அந்த இரவில்தான்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவிதான் சிந்தசைசர். சாதாரண சிந்தசைசர் ஒரே பெட்டி. உள்ளே எது எதோடு இணைய வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே முடிவுசெய்துவிடுவார். மாடுலர் அப்படியில்லை. ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர் ஒரு பலகை, அந்த ஒலியைச் செதுக்கும் ஃபில்டர் ஒரு பலகை, கூட்டிக் குறைக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒரு பலகை. எல்லாம் தனித்தனி மாடுல்கள். அவற்றை வயர்களால் இணைப்பது வாசிப்பவரின் வேலை. எந்த வயரை எங்கே செருகினாலும் ஏதாவது நடக்கும். நல்லது நடக்கும் என்று உத்தரவாதமில்லை.

இந்த ஏற்பாட்டின் உயிர் ஒரே ஒரு கருத்தில் இருக்கிறது. திருகியைக் கையால் திருப்புவதற்குப் பதில் மின்னழுத்தத்தால் திருப்பலாம் என்பதுதான் அது. 1964இல் ராபர்ட் மோக் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சோடு சேர்ந்து இதைக் கருவியாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவின் மறுகரையில், சான் பிரான்சிஸ்கோவில் டான் புக்லாவும் தன் வழியில் இதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். மோக்கின் கருவியில் பியானோக் கட்டைகள் இருந்தன. புக்லாவுக்கு அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டைகளே ஆகாது. இந்தச் சண்டையில் நான் யார் பக்கம் என்பது வாரத்துக்கு வாரம் மாறும்.

மோக் வழியில் வந்த கணக்கு இது: ஒரு வோல்ட் கூட்டினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். ஒரு ஸ்தாயிக்குள் 12 சுரத்தானங்கள். ஆக, ஒரு சுரத்தானத்திலிருந்து அடுத்ததற்குப் போக 83.3 மில்லிவோல்ட். எழுதும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது! என் இரண்டாண்டு மாலைகளை விழுங்கிய வரி இது.

கட்டுவதற்கு ஏன் போக வேண்டும், கடையில் கிடைப்பதை வாங்கினால் போதாதா என்று கேட்பவர்களிடம் முதலில் நானும் எல்லோரும் சொல்லும் பொய்யைத்தான் சொன்னேன்: கட்டினால் செலவு குறைவு. ஒரு மாடுலின் உதிரிப் பாகங்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் அது உண்மைபோலத் தெரியும். எட்டு ரெசிஸ்டர் தேவைப்படும்; நூறாகத்தான் விற்பார்கள். ஒரு குறிப்பிட்ட ஐசி, அதாவது சில்லு, வேண்டும். அதன் விலையைவிட அதைக் கொண்டுவரும் செலவு அதிகம் என்பதால் ஐந்தாக வாங்குவோம். பிறகு அந்த மீதி நான்கு ஐசிக்கு வேலை கொடுக்க வேண்டுமே என்று நான்கு மாடுல் திட்டமிடுவோம். மல்டிமீட்டர், நல்ல சால்டரிங் அயர்ன், பழைய ஆஸிலோஸ்கோப் என்று மேஜை நிறையும். குதிரை வாங்குமுன் கடிவாளத்துக்குச் செலவழித்த கதை. செலவு மிச்சம் என்ற பொய்யை இப்போது நான் சொல்வதில்லை.

என் முதல் கருவி 40106 என்ற ஐசி. அதற்குள் ஆறு இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும், வருவது உயர்ந்தால் தருவதைத் தாழ்த்தும். வருவது தாழ்ந்தால் உயர்த்தும். அதன் வாலை அதன் வாயிலேயே ஒரு ரெசிஸ்டரால் கட்டிவிட்டு, வாயிலிருந்து தரைக்கு ஒரு கெபாசிட்டரைப் போட வேண்டும். கெபாசிட்டர் ஒரு குடம். ரெசிஸ்டர் அதை நிரப்பும் குழாய். குடம் ஒரு மட்டத்தைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் மனம் மாறி, அதே குழாய் வழியே நீரை இறைக்கத் தொடங்கும். கீழ்மட்டத்தைத் தொட்டதும் மறுபடி நிரப்பும். விநாடிக்குச் சில நூறு முறை இது நடந்தால் அது சுரம். ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு ஐசி, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர். சால்டரிங்கூட வேண்டாம், பிரெட்போர்டு என்ற துளைகள் நிறைந்த சோதனைப் பலகையில் செருகினால் போதும். ஆறு இன்வெர்ட்டர் என்பதால் ஆறு குரல்.

அந்த ஒலி இனிமையானது என்று சொல்லமாட்டேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "என்னப்பா, அந்தக் கொசுவை இன்னும் அடிக்கவில்லையா?" இரண்டாவது இன்வெர்ட்டரையும் இணைத்து, முதலாவதற்கு நெருக்கமாகச் சுருதியைக் கொண்டுவந்தேன். இரண்டும் உரசும் இடத்தில் ஒரு அலை எழுந்து தாழ்ந்தது. சுருதிகள் நெருங்க நெருங்க அலை நிதானமாகி, நீண்ட மூச்சுபோல ஆனது. அதன்பின் அம்மா எதுவும் சொல்லவில்லை. பிடித்திருந்ததா, கதவைச் சாத்திக்கொண்டாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

பிரெட்போர்டில் இருக்கும் வரை அது விளையாட்டு. சட்டத்தில் பொருத்தும்போதுதான் வேலை தொடங்குகிறது. இன்று வீட்டில் கட்டுபவர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் அளவு, ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் 1995இல் ஏ-100 வரிசையோடு கொண்டுவந்த யூரோராக். முகப்புத் தகட்டின் உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலம் 5.08 மில்லிமீட்டரின் மடங்குகளில். மின்சாரம் கூட்டல் 12, கழித்தல் 12 வோல்ட். அவ்வளவு தெரிந்தால் போதும், யார் கட்டிய மாடுலும் யாருடைய பெட்டியிலும் உட்காரும். என் முதல் மூன்று மாடுல்களுக்கு முகப்பு தடித்த அட்டைதான். அலுமினியத்தில் துளை போடக் கற்றுக்கொண்ட பிறகும் அந்த அட்டைகளை மாற்ற மனம் வரவில்லை. வயரைப் பிடுங்கும்போதெல்லாம் அட்டை வளைந்து கொடுக்கும். வளைந்து கொடுக்கட்டும்.

மின் இணைப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை நேரடியாகக் கையாளும் பெட்டியை நான் கட்டுவதில்லை. அடாப்டரில் தொடங்கி அதற்கு இந்தப் பக்கம் மட்டுமே என் ராஜ்யம். இதில் வீரம் காட்டுபவர்களோடு எனக்கு வாதம் இல்லை. அவர்கள் பக்கத்தில் உட்காருவதும் இல்லை.

சால்டரிங் பற்றி எழுதினால் ஒரு தனிக் கட்டுரை ஆகும். இரண்டு செய்திகள் மட்டும். ஒன்று, சூடாக்க வேண்டியது ஈயக் கம்பியை அல்ல, இணைப்பை. அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய் அப்புகிறவர்கள் பிறகு மாதக்கணக்கில் பிழை தேடுவார்கள். பாகத்தின் காலும் பலகையின் வட்டமும் சேர்ந்து சூடானால் ஈயம் தானே ஓடிப் படிந்து, சிறு எரிமலைபோல் சரிவாக நின்று மின்னும். அது நடக்கும் அரை விநாடியைப் பார்ப்பதற்காகவே சிலர் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, ரெசிஸ்டரின் நிறப்பட்டைகளைக் கண்ணால் நம்பக் கூடாது. துல்லியமான ரெசிஸ்டர்களில் ஐந்து பட்டைகள். ஆயிரம் ஓம் என்றால் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு. பத்தாயிரம் என்றால் நான்காவது பட்டை மட்டும் சிவப்பு. லட்சம் என்றால் அதுவே ஆரஞ்சு. நீல உடம்பின்மேல் அந்தப் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் இரவு விளக்கொளியில் உடன்பிறந்தவர்கள்போல இருக்கும். என் முதல் ஃபில்டர் ஒலியைச் செதுக்காமல் அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தது. காரணம் தேடி ஐசியை மாற்றினேன், கெபாசிட்டரை மாற்றினேன், படத்தை வரைந்தவரைத் திட்டினேன். பதினோராம் நாள்தான் லட்சம் ஓம் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரம் ஓம் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இப்போது ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்துவிட்டுத்தான் வைக்கிறேன். அளப்பது அலுப்பு, அலுப்பானதைச் செய்யச் சோம்பல்பட்டால் பதினொரு நாள்.

அதே ஃபில்டருக்கு இன்னொரு கண்டமும் இருந்தது. யூரோராக்கில் மின்சாரம் பத்து ஊசிகள் கொண்ட பட்டை வயரில் வருகிறது. வயரின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அது கழித்தல் 12 வோல்ட் பக்கம். பட்டையைத் திருப்பிச் செருகினால் நடுவிலுள்ள தரை அப்படியே இருக்க, கூட்டலும் கழித்தலும் இடம் மாறிவிடும். பிழை கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அவசரமாகச் செருகினேன். திருப்பி. சத்தம் எதுவும் வரவில்லை, வாசனைதான் வந்தது. ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமுடியாத, இனிப்பும் கசப்பும் கலந்த வாசனை. ஐசியின் முதுகில் சிறு கொப்புளம். அதை நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் வைத்திருந்ததால் மாற்ற முடிந்தது. அன்று முதல் என் ஒவ்வொரு மாடுலின் வாசலிலும் இரண்டு டயோடுகள் காவல் நிற்கின்றன. மின்சாரம் தவறான பக்கத்திலிருந்து வந்தால் உள்ளே விடாது. பலர் இதைப் படித்துவிட்டு டயோடு போடுகிறார்கள். நான் முகர்ந்துவிட்டுப் போட்டேன்.

இனி அந்த 83.3 மில்லிவோல்ட்டுக்கு வருகிறேன்.

காதுக்கு ஸ்தாயி என்பது இரட்டிப்பு. 110 ஹெர்ட்ஸ், 220, 440, 880. மின்னழுத்தமோ ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போகிறது. கூட்டலைப் பெருக்கலாக்கித் தரும் ஒரு பொருள் நடுவில் வேண்டும். அதிர்ஷ்டவசமாக அப்படி ஒன்று இயற்கையிலேயே இருக்கிறது: சாதாரண டிரான்சிஸ்டர். அதன் மூன்று கால்களில் பேஸ், எமிட்டர் என்ற இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் கூட்டினால் அதன் வழியே ஓடும் மின்னோட்டம் இரட்டிப்பாகிறது. இன்னொரு 18 கூட்டினால் மறுபடி இரட்டிப்பு. வெளியிலிருந்து வரும் ஒரு வோல்ட்டை ரெசிஸ்டர்களால் 18 மில்லிவோல்ட்டாகச் சுருக்கி டிரான்சிஸ்டருக்குக் கொடுத்து, அது தரும் மின்னோட்டத்தால் கெபாசிட்டர் என்ற குடத்தை நிரப்பினால் முடிந்தது வேலை. வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி.

முடியவில்லை என்பதுதான் விரல் காட்டிய உண்மை. டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடேறினால், அதே மின்னோட்டத்துக்குத் தேவைப்படும் மின்னழுத்தம் ஏறத்தாழ இரண்டு மில்லிவோல்ட் குறைகிறது. வேறு விதமாகச் சொன்னால், நாம் எதையும் மாற்றாமலே இரண்டு மில்லிவோல்ட் கூட்டிக் கொடுத்ததுபோல. 18க்கு 12 சுரத்தானம் என்றால் இரண்டுக்கு ஒன்றேகால் சுரத்தானத்துக்குமேல். ஒரு டிகிரிக்கு! விரல் நான்கைந்து டிகிரி ஏற்றியிருக்கும். சட்ஜமம் பஞ்சமத்தை எட்டிப் பார்த்ததில் வியப்பில்லை.

இதற்கு மருந்து பழையது. ஒரே மாதிரியான இரண்டு டிரான்சிஸ்டர்களை முதுகோடு முதுகாக ஒட்டிவைப்பது. முதலாவது ஒரு நிலையான மின்னோட்டத்தைச் சுமந்துகொண்டு சும்மா நிற்கும். சூடேறும்போது அதன் மின்னழுத்தம் இரண்டு மில்லிவோல்ட் சரியும். பக்கத்திலிருப்பதும் அதே அளவு சரியும். வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் சரிவு கழிந்துபோகும். ஓட்டைப் படகுக்குப் பக்கத்தில் அதே அளவு ஓட்டையுள்ள இன்னொரு படகை நிறுத்தி, இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளப்பதுபோல.

ஆனால் 'ஒரே மாதிரியான இரண்டு' எங்கே கிடைக்கும்? ஒரே பையில் வந்த நூறு டிரான்சிஸ்டர்களும் நூறு குணம். தேடிப் பொறுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் சோதனைச் சுற்றில் செருகி, மின்னழுத்தத்தை அளந்து, முட்டை அட்டையில் எண் எழுதி வைத்தேன். மாலையில் சரிபார்க்கலாம் என்று முதல் பத்தை மறுபடி அளந்தால் ஒன்றுகூடக் காலையில் எழுதிய எண்ணைக் காட்டவில்லை. இந்தக் கிறுக்கில் எனக்கு முன்பே இறங்கியிருந்த ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"கையால் எடுத்துச் செருகினாயா, தம்பி?"

"ஆமாம், அண்ணா. வேறு எப்படிச் செருகுவது?"

"அப்படியானால் காலையிலிருந்து நீ டிரான்சிஸ்டரை அளக்கவில்லை. உன் விரலுக்குக் காய்ச்சல் பார்த்திருக்கிறாய்."

அவர் சொன்னபடி அடுத்த வாரம் மறுபடி உட்கார்ந்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். டிரான்சிஸ்டரை இடுக்கியால் எடுத்துச் செருகினேன். செருகியதும் எண் மெல்ல ஊர்ந்தது. கடைசி இலக்கம் அசையாமல் நிற்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு டிரான்சிஸ்டருக்கு இரண்டு நிமிடம். மூச்சைக்கூட மேஜைக்கு அந்தப் பக்கம் திருப்பி விட்டேன். முப்பத்தெட்டாவது டிரான்சிஸ்டர் நான்காவதோடு மில்லிவோல்ட்டின் பின்னம் வரை ஒத்துப்போனது. இரண்டையும் வெப்பப் பசை தடவித் தட்டைப் பக்கங்களை ஒட்டி, மெல்லிய செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். கட்டி முடித்தபோது ஏதோ முகூர்த்தம் நடத்திவைத்த திருப்தி.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கடன் மீதி இருந்தது. அந்த 18 மில்லிவோல்ட் என்ற எண்ணே வெப்பத்தோடு வளர்கிறது. டிகிரிக்கு ஏறத்தாழ 0.33 சதவீதம். மத்திய ஸ்தாயிக்கு அருகே வாசிக்கும்போது தெரியாது. மூன்று ஸ்தாயி மேலே போனால் ஒரு டிகிரிக்குச் சுமார் 12 சென்ட் குறைகிறது. ஒரு சுரத்தானத்துக்கு நூறு சென்ட். பெட்டி ஐந்து டிகிரி சூடானால் அரைச் சுரத்தானத்துக்குமேல் போய்விட்டது. இதற்கும் ஒரு சமர்த்தான வழி வைத்திருக்கிறார்கள்: வெப்பத்தோடு அதே விகிதத்தில் தானும் வளரும் ஒரு சிறப்பு ரெசிஸ்டர். அதை அந்த ஜோடியின் தலைமேலேயே படுக்கவைத்து ஒட்ட வேண்டும். மூவரும் ஒரே போர்வைக்குள். ஐந்து டிரான்சிஸ்டர்கள் ஒரே சில்லில் இருக்கும் சிஏ3046 போன்ற ஐசியில் ஒன்றை அடுப்பாகவும் ஒன்றை வெப்பமானியாகவும் வைத்து, மீதியை எப்போதும் ஒரே சூட்டில் நிறுத்துகிறவர்களும் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது, போர்வையோடு நின்றுவிட்டேன்.

பிறகு சுருதி சேர்ப்பு. இருபத்தைந்து சுற்று சுற்றக்கூடிய சிறு திருகி, ஊசிபோன்ற ஒரு ஸ்க்ரூடிரைவர். ஒரு வோல்ட் கொடுத்து 220 ஹெர்ட்ஸில் நிறுத்துகிறேன். இரண்டு வோல்ட் கொடுத்தால் 440 வர வேண்டும், 447 வருகிறது. திருகியைக் கால் சுற்று குறைக்கிறேன். இப்போது ஒரு வோல்ட்டுக்கு 220 வரவில்லை, அதுவும் நகர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்து மறுபடி இரண்டு வோல்ட். இப்படிப் பதினைந்து, இருபது தடவை. கீழே மூன்று ஸ்தாயிகள் ஒழுங்குக்கு வந்ததும், மேலே 1760ஐத் தாண்டும்போது சுரம் சோர்ந்து தாழ்கிறது. குடம் நிரம்பியதும் கவிழ்த்துக் காலிசெய்யக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது அல்லவா? மெதுவாக நிரப்பும்போது அந்த நேரம் பொருட்டில்லை. விநாடிக்கு ஈராயிரம் முறை நிரப்பும்போது அது சுருதியைத் தின்கிறது. அதற்கு இன்னொரு திருகி. அதைத் தொட்டால் கீழே மறுபடி நகரும்.

அந்த வேலையை மீட்டரைப் பார்த்துத் தொடங்கினேன், காதால் முடித்தேன். எண்களைவிட, பக்கத்தில் ஒலிக்கும் இன்னொரு ஆசிலேட்டரோடு எழும் அந்த அலை நாணயமானது. அலை நின்றால் சேர்ந்துவிட்டது. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் தலையைச் சாய்த்து எதையோ தேடுவதுபோல் உட்கார்ந்திருப்பாரே, நான் அப்படி உட்கார்ந்திருந்ததை இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடியில் பார்த்தேன்.

இந்தப் பாடு நான் மட்டும் படவில்லை என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. 1960களின் மோக் கருவிகளில் சுருதி ஓடிக்கொண்டே இருக்கும். இசைக் கலைஞர் வெண்டி கார்லோஸ் அவற்றில் வாசித்துப் பதிவுசெய்த காலத்தில் கொஞ்சம் வாசிப்பது, நிறுத்திச் சுருதி பார்ப்பது, மறுபடி கொஞ்சம் வாசிப்பது என்றுதான் வேலை நடந்திருக்கிறது. பெர்னி ஹட்சின்ஸ் 1972இல் தொடங்கிய எலெக்ட்ரோநோட்ஸ் இதழில் இந்த மாதிரி நோய்களுக்கான வைத்தியம் பக்கம் பக்கமாக இருக்கிறது. பிறகு டக் கர்ட்டிஸ் இந்த முழு வைத்தியத்தையும் ஒரே சில்லுக்குள் அடக்கினார். சிஇஎம்3340 என்று பெயர். 1980 வாக்கில் வந்த பிராஃபெட்-5 சிந்தசைசர்களில் அதுதான் பாடுகிறது. இன்று அதன் நகல் லாத்வியாவிலிருந்து வருகிறது. அதை வாங்கி, சுற்றியும் சில பாகங்களை வைத்தால் ஒரே மாலையில் ஒழுங்கான ஆசிலேட்டர் கிடைத்துவிடும். என் பெட்டியில் அப்படியும் இரண்டு இருக்கின்றன. குறைசொல்ல ஒன்றுமில்லை. அவற்றைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை.

கட்டிக்கொள்பவர்களின் வரலாறு ஒன்று கூடவே நடந்துவந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் ஒரு கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த செர்ஜ் செரெப்னின், புக்லாவின் விலை எட்டாதவர்களுக்காக ஒரு வரிசையை வடிவமைத்தார். மாணவர்களும் நண்பர்களும் உட்கார்ந்து தங்கள் கருவியைத் தாங்களே பற்றவைத்துக்கொண்டார்கள். எலெக்டார் என்ற மின்னணுவியல் இதழ் 1977இல் ஃபார்மண்ட் என்ற முழுக் கருவியின் படங்களைத் தொடராக வெளியிட்டது. நம் காலத்தில் எமிலி ஜிலே தன் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மாடுல்களின் சுற்றுப்படங்களையும் நிரல்களையும் வெளிப்படையாகக் கொடுத்தார். 2022இல் அவர் கடையை மூடிய பிறகும் அந்த மாடுல்கள் யார் யாருடைய மேஜைகளிலோ பிறந்துகொண்டிருக்கின்றன. சமையல் குறிப்பை மறைக்காதவரின் கைமணம் ஊர்முழுக்கப் பரவுகிறது.

கணினியிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். 2017இல் வந்த விசிவி ராக் என்ற இலவச மென்பொருளில் நூற்றுக்கணக்கான மாடுல்களைத் திரையில் அடுக்கி இழைகளால் இணைக்கலாம். எதைக் கட்டுவது என்று முடிவுசெய்ய நானே முதலில் அங்கேதான் போய்ப் பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். அயர்னைத் தொடுமுன் ஒரு மாதம் அங்கே இருந்துவிட்டு வாருங்கள், மிச்சமாகும் பணத்துக்கு எனக்கு நன்றி சொல்வீர்கள். ஆனால் அங்கே ஆசிலேட்டரின் தலையில் விரலை வைக்க முடியாது.

இசை என்ன ஆயிற்று என்று கேட்டால் தலையைச் சொறிவேன். இந்தப் பொழுதுபோக்கின் மறைக்கப்பட்ட நோய் அது. கட்டுபவர்கள் வாசிப்பதில்லை. ஒரு மாடுல் முடிந்ததும், அதைச் சோதிக்க ஒரே சுரத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு ரெசிஸ்டர் பொறுக்கத் தொடங்கிவிடுகிறோம். இரண்டாண்டில் நான் பதினான்கு மாடுல் கட்டியிருக்கிறேன். முழுதாகப் பதிவுசெய்தவை மூன்று. அவற்றில் ஒன்றைத்தான் பிறருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: அயர்ன் சூடாகும் நாளில் வயர்கள் தொங்கக் கூடாது, வயர்கள் தொங்கும் நாளில் அயர்ன் சூடாகக் கூடாது. இதுவரை விதி ஆறு முறை மீறப்பட்டிருக்கிறது. ஆறும் ஒரே பக்கமாக.

போர்வை போர்த்திய அந்த ஆசிலேட்டர் இப்போது ஐந்து ஸ்தாயிக்குச் சுருதி பிசகாமல் நிற்கிறது. விரலை வைத்தாலும் நகர்வதில்லை. விருந்தினர் யாராவது வந்தால் அதைத்தான் காட்டுவேன்.

முதல் குரங்கை நான் பிரித்துப்போடவில்லை. பெட்டியின் இடது ஓரத்தில், அட்டை முகப்போடு, ஒற்றை டிரான்சிஸ்டரோடு, எந்தப் போர்வையும் இல்லாமல் இருக்கிறது. பெட்டியை இயக்கியதும் அதைத் தாழ்ந்த சட்ஜமத்தில் நிறுத்தி மெல்ல ஒலிக்கவிடுவேன். பக்கத்து மாடுல்கள் சூடேறச் சூடேற அது ரிஷபத்தை நோக்கி ஊரும். அரை மணி நேரம் கழித்து ஓரிடத்தில் நிலைக்கும். பெட்டி பதத்துக்கு வந்துவிட்டது, இனி மற்றவற்றுக்குச் சுருதி பார்க்கலாம் என்று அர்த்தம். கடிகாரம் பார்ப்பதில்லை.

நேற்றிரவு அப்படி நிலைத்த பிறகு, நான்கு சுரங்களைச் சுற்றிச் சுற்றி வரவிட்டு அதன்மேல் ஃபில்டரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். புழுக்கமாக இருந்ததால் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. ஈரக்காற்று உள்ளே வந்தது. மேஜைக்குத் திரும்புவதற்குள் குரங்கு ஒரு சுரத்தானம் இறங்கியிருந்தது; சுற்றிவந்துகொண்டிருந்த நான்கு சுரங்களுக்கும் அடியில் தரை மாறி, அவை வேறு ராகமாகக் கேட்டன. கை வழக்கம்போல் திருகியை நோக்கிப் போனது. கையை விலக்கிக்கொண்டு, பதிவு விசையை அழுத்தினேன்.